ஹார்மோன் என்ன பாவம் செய்தது?

நாலு கட்டம் போட்ட ஒரு படம் இருக்கிறது. உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் இந்நேரம் வந்திருக்கும். ஒரு கட்டத்தில் டோபமின் - இன்பம். அடுத்ததில் செரோடோனின் - மகிழ்ச்சி. அப்புறம் ஆக்சிடோசின் - அன்பு. கடைசியில் எண்டார்ஃபின் - வலி நிவாரணி. கீழே எந்த ஹார்மோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பு வேறு: வாழைப்பழம் சாப்பிடு, கட்டிப்பிடி, சிரி, வெயிலில் நில். இதைப் பெரியப்பா அனுப்பினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடலாம். விலங்கியல் படிக்கிற நம்ம வகுப்பு ஆட்களே ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள், அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மகிழ்ச்சி ஹார்மோன் என்று ஒன்று கிடையாது. அன்பு ஹார்மோன், கோப ஹார்மோன், சோம்பல் ஹார்மோன்.. எதுவும் கிடையாது. இப்படிப் பெயர் வைப்பதை எளிமையாகச் சொல்வது என்று நினைக்கிறார்கள். எளிமை இல்லை, ஜல்லியடிப்பு. சும்மா ஜல்லியடித்தால்கூடப் பரவாயில்லை, இதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் டோபமின். ஐசியூவில் ரத்த அழுத்தம் படுத்துவிட்ட நோயாளிக்கு டோபமினையே டிரிப்பில் ஏற்றுவது உண்டு (இப்போது பெரும்பாலும் நார்அட்ரினலினைத்தான் முதலில் கொடுக்கிறார்கள்). இன்ப ஹார்மோன் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் இறங்குகிறதே, அந்த நோயாளி சிரித்துக்கொண்டா படுத்திருக்கிறார்? இல்லை. ரத்தத்தில் ஏற்றும் டோபமின் மூளைக்குள் நுழைய முடியாது, நடுவில் ரத்த-மூளைத் தடுப்பு இருக்கிறது. வெளியில் இருக்கும் இதயமும் ரத்தக் குழாய்களும் அந்த டோபமினை "அழுத்தத்தை ஏற்று" என்று புரிந்துகொள்கின்றன. அவ்வளவுதான்.

இன்னொன்று. வாந்தி என்று போனால் டாக்டர் எழுதுகிற டோம்பெரிடோன் மாத்திரை எல்லார் வீட்டு மருந்து டப்பாவிலும் இருக்கும். அது டோபமினின் ஏற்பிகளை அடைக்கிற மருந்து. நாலு கட்டப் படத்தின்படி அதைச் சாப்பிட்டவர் இன்பம் இழந்து சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். நடப்பது என்ன? வாந்தி நிற்கிறது. சிலருக்கு, குழந்தை பெறாதவர்களுக்கும்கூட, மார்பில் பால் சுரந்துவிடுகிறது! ஏனென்றால் பிட்யூட்டரிக்கு டோபமின் சொல்லும் செய்தி "புரோலாக்டினை விடாதே" என்பது. செய்தி அடைபட்டால் புரோலாக்டின் ஏறும், பால் வரும். நடுமூளையில் சில செல்கள் செத்து டோபமின் குறைந்தால் வருவது பார்க்கின்சன் நோய், கை நடுக்கம், நடையில் தடுமாற்றம். ஆக ஒரே மூலக்கூறு ரத்த அழுத்தம், பால், நடை, வாந்தி, அப்புறம் ஒரு மூலையில் எதையாவது அடைய வேண்டும் என்ற உந்துதல். இதில் எதை எடுத்து "இன்பம்" என்று லேபிள் ஒட்டினார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. இந்த அழகில் இப்போது "டோபமின் டீடாக்ஸ்" வேறு. போனைத் தள்ளி வையுங்கள், நல்ல காரியம். அதற்கு ஏன் ஒரு மூலக்கூறை இழுக்கிறீர்கள்? நம் உடம்பே தயாரிக்கிற ஒன்று எப்போது விஷமானது?

செரோடோனின் கதை இன்னும் கூத்து. உடம்பில் உள்ள செரோடோனினில் 90 சதவீதம் போல இருப்பது குடலில். அங்கே அதன் வேலை உணவைத் தள்ளிவிடுவது. முதலில் அது கண்டுபிடிக்கப்பட்டதும் மனசைத் தேடியவர்களால் இல்லை. ரத்தக் குழாயைச் சுருக்குகிற பொருள் என்று 1948ல் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள், சீரம் என்ற சொல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கார்சினாய்டு என்று ஒரு வகைக் கட்டி செரோடோனினை அள்ளிக் கொட்டும். மகிழ்ச்சி ஹார்மோன் அளவில்லாமல் கிடைத்தவருக்கு என்ன ஆகும் தெரியுமா? வயிற்றுப்போக்கு.

சரி, ஏன் இப்படி? நம்ம காலேஜ் பெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 12.40க்கு பெல் அடிக்கிறது. நாம் பையைத் தூக்குகிறோம். வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறக்கிறார். கேன்டீனில் மாஸ்டர் வடையை எண்ணெயில் போடுகிறார். ஹாஸ்டல் நாய் எழுந்து மெஸ் பக்கம் போகிறது. ஒரே பெல்தான். கேன்டீனில் மட்டும் உட்கார்ந்து பார்த்த ஒருவன் அதற்கு "வடை பெல்" என்று பெயர் வைத்தால் சிரிப்போமா இல்லையா? "வீட்டில் அடிக்கடி பெல் அடித்தால் வடை வரும்" என்று அவன் ஒரு புத்தகமும் எழுதினால்? நாலு கட்டப் படம் அதுதான்.

ஹார்மோன் என்பது ஒரு சமிக்ஞை. அதன் அர்த்தம் அதற்குள் இல்லை. கேட்கிற செல்லில் எந்த ஏற்பி இருக்கிறது, அந்த நேரத்தில் அந்த செல் என்ன நிலையில் இருக்கிறது, வேறு என்ன செய்திகள் வந்து சேர்கின்றன.. எல்லாம் சேர்ந்துதான் அர்த்தம். இதை விட்டுவிட்டு மூலக்கூறுக்குக் குணம் கற்பிப்பது ஜாதகத்தில் செவ்வாய்க்குக் கோபம் கற்பிப்பது மாதிரிதான். செவ்வாயாவது தூரத்தில் இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு விதை போட்டதில் நம் பள்ளிக்கூட அட்டவணைக்கும் பங்கு உண்டு. நரம்பு: வேகம், குறுகிய நேரம், மின்சாரம். ஹார்மோன்: மெதுவு, நீண்ட நேரம், வேதிப்பொருள். அஞ்சு மார்க். ஏதோ தந்தி ஆபீஸும் தபால் ஆபீஸும் மாதிரி இரண்டு இலாகாக்கள். தேர்வுக்கு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நிஜ உடம்பில் அந்த நடுக்கோட்டைத் தேடினால் கிடைக்காது.

வரலாற்றிலேயே பாருங்கள். 1902ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டார்கள். ரத்தக் குழாய் மட்டும் பாக்கி. அந்தத் துண்டுக்குள் அமிலம் விட்டதும் தள்ளியிருந்த கணையம் நீரைச் சுரந்தது. தகவல் நரம்பு வழியாகத்தான் போகிறது என்பது அன்றைக்கு பாவ்லோவ் ஆய்வகத்தின் உறுதியான கட்சி. நரம்பே இல்லாதபோது சேதி எப்படிப் போனது? குடல் சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, சாற்றை ரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடி சுரந்தது. அதற்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். 1905ல் ஸ்டார்லிங் ஒரு சொற்பொழிவில் "ஹார்மோன்" என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார், கிரேக்கத்தில் "தூண்டுகிறேன்" என்று பொருள். அவர் சொன்னது தூண்டல். சந்தோஷம் என்றோ அன்பு என்றோ சொல்லவில்லை பாவம் மனுஷன்.

ஆஹா, அப்போ நரம்பு வேறு ஹார்மோன் வேறுதானே என்று கேட்பீர்கள். அடுத்த 20 வருஷத்தில் அதுவும் உடைந்தது. 1921ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லூயி இரண்டு தவளை இதயங்களை வைத்துச் செய்த சோதனை நமக்குத் தெரியும். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாம் இதயத்தில் விட்டார், அதுவும் குறைந்தது. அதாவது நரம்பும் கடைசி முனையில் ஒரு வேதிப்பொருளைத் துப்பித்தான் பேசுகிறது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். (சோதனையின் யோசனை கனவில் வந்ததாக லூயி சொல்லியிருக்கிறார். எனக்குக் கனவில் ரெக்கார்டு நோட்டு மட்டும்தான் வருகிறது.) அட்ரீனலின் உள்பகுதியைப் பாருங்கள், அது சுரப்பி வேஷம் போட்ட நரம்பு முடிச்சு. நேராக நரம்பு வந்து தட்டுகிறது, அது அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. வாசோபிரசினும் ஆக்சிடோசினும் உருவாவது ஹைபோதலாமஸின் நரம்பு செல்களில். அந்த செல்களின் வால் பின் பிட்யூட்டரிக்குள் இறங்கி, அங்கிருந்து சரக்கை ரத்தத்தில் விடுகிறது. அது நரம்பா, சுரப்பியா? அஞ்சு மார்க் கேள்வியில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

இதைப் புரிந்துகொள்ள மைக்ராஸ்கோப் எல்லாம் வேண்டாம். கன்று செத்துப்போன மாட்டிடம் பால் கறக்க, செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்து மாட்டுக்கு முன்னால் நிறுத்துகிற பழக்கம் நம் ஊர்களில் இருந்தது. மாடு அதை நக்கும், மோந்து பார்க்கும், கொஞ்ச நேரத்தில் பால் இறங்கும். என்ன நடக்கிறது? மணமும் பார்வையும் தொடுதலும் நரம்பு வழியாக மூளைக்குப் போகின்றன. மூளை ஆக்சிடோசினை ரத்தத்தில் விடுகிறது. ரத்தம் மடிக்கு வருகிறது. அங்கே பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசை செல்கள் சுருங்கிப் பாலைத் தள்ளுகின்றன. பாதி வழி நரம்பு, பாதி வழி ஹார்மோன். இதில் "அன்பு" எந்த மில்லிலிட்டரில் இருக்கிறது? அதே ஆக்சிடோசினைப் பிரசவ வார்டில் டிரிப்பில் ஏற்றினால் கர்ப்பப்பை சுருங்கி வலி எடுக்கும். அந்த நேரத்தில் எந்த அம்மாவிடமாவது போய் "இது அன்பு ஹார்மோன்" என்று சொல்லிப் பாருங்களேன் :-)

நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதையே எடுத்துக்கொள்ளலாம். எழுந்த நொடியில் சுமார் அரை லிட்டர் ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் உடனே நரம்பு வழியாகப் புகார் கொடுக்க, சில நொடிகளில் இதயம் வேகமாகிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. நாம் மயங்கி விழுவதில்லை. அப்படியே நின்றுகொண்டே இருந்தால் அடுத்த வரிசை வருகிறது. சிறுநீரகத்திலிருந்து ரெனின், அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன். உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும் வேலை, மணிக்கணக்கில் நடப்பது. அந்த ரெனினை விடச் சொல்லி சிறுநீரகத்தைத் தட்டுவதில் நரம்புக்கும் கை உண்டு. அசெம்பிளியில் வெயிலில் நின்றவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருக்கிறோம். யாருக்கும் ரெனின் என்று பெயர் தெரியாது, யாரும் அதற்கு "நிற்கும் ஹார்மோன்" என்று போஸ்டர் போடவில்லை. விற்க முடியாது போல.

விற்பனைக்கு வருவோம். ஹார்மோனை "ஏற்றுகிறேன்" என்று விற்கிற வியாபாரம், ஹார்மோன் என்ற சொல்லை விடப் பழையது. 1889ல், பாரிஸில், பிரவுன்-செக்கார்ட் என்ற மிகப் பெரிய உடலியல் அறிஞர், அப்போது வயது 72, நாய், கினிப் பன்றி இவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். ஐரோப்பா, அமெரிக்கா முழுக்க அந்தச் சாறு பறந்தது. பின்னாளில் அதே முறையில் தயாரித்துப் பார்த்தபோது அதில் இருந்த டெஸ்டோஸ்டிரோன் ஒன்றுக்கும் ஆகாத அளவு. விதைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சேமித்து வைப்பதில்லை, அது தண்ணீரில் சரியாகக் கரைவதும் இல்லை. கிழவருக்குத் திரும்பியது நம்பிக்கை. 1920களில் குரங்கின் விதைத் துண்டுகளை மனிதர்களுக்கு ஒட்டுப் போட்டார் வோரோனாஃப். அமெரிக்காவில் பிரிங்க்ளி ஆட்டு விதைகளை வைத்துத் தைத்துப் பணக்காரரானார், 1930ல் கான்சஸ் மாநிலம் அவர் லைசென்ஸைப் பிடுங்கும் வரை. ஆடு போய், குரங்கு போய், இப்போது டப்பாவில் பவுடர்.

பிரவுன்-செக்கார்ட் சாறாவது ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கு ஜிம்மில் "ஒரு கோர்ஸ் போடு மச்சி" என்று தருகிற ஊசி நிஜமாகவே வேலை செய்கிறது, பிரச்சனையே அதுதான். நம் மொட்டை மாடித் தொட்டியில் மிதவை இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை மேலே போய் வரத்தை அடைத்துவிடும். ஹார்மோன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மாதிரி மிதவை உண்டு, அதைத்தான் எதிர்மறைப் பின்னூட்டம் என்று படிக்கிறோம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஊற்றினால் மூளையின் மிதவை "தொட்டி நிரம்பிவிட்டது" என்று எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டையும் நிறுத்தும். அவை நின்றால் விதைகள் வேலையை விட்டுவிட்டுச் சுருங்கும், விந்தணு எண்ணிக்கை விழும். கை பெருக்கிறது, அது சுருங்குகிறது. ஆம்பளைத்தனம் ஏற்றப் போனவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வகுப்பில் இரண்டு பேர் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. யார் என்று எனக்குத் தெரியும். டேய், உங்களுக்குத்தான்.

ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இதே மிதவைதான். மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் சாப்பிட்டவரின் அட்ரீனல் தூங்கிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் சொந்த கார்டிசால் உடனே வராது, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் டாக்டர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், தான் ஸ்டீராய்டு சாப்பிடுவதே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கு "இயற்கை" என்று விற்ற ஒரு சரக்கில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதை 2022ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டுபிடித்து எச்சரித்தது. வலி மாயமாகப் போனதன் ரகசியம் அது. அதே ஆள்தான் இன்னொரு பக்கம் "கார்டிசால் ஒரு எதிரி, அதைக் குறையுங்கள்" என்று பேசுவார். கார்டிசால் தினமும் விடிகாலையில் ஏறி, நள்ளிரவில் இறங்குகிறது. அது இல்லாவிட்டால் வருவதற்குப் பெயர் அடிசன் நோய். மருந்து இல்லாத காலத்தில் அது வந்தால் மரணம்தான்.

அடுத்தது, எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம். "விடு மச்சான், அவளுக்கு இன்னிக்கு ஹார்மோன்."

லேப் குரூப்பில் வேலை முழுக்க என் தலையில் விழுந்து, நான் கத்தினால், காரணம் வேலை செய்யாதவன் இல்லை, என் ஈஸ்ட்ரோஜென். எவ்வளவு வசதி! பையன் கத்தினால் மட்டும் "அவன் டென்ஷன்ல இருக்கான்". அவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் தினமும் காலையில் ஏறி மாலையில் இறங்குவதை வைத்து யாரும் அவன் பேச்சைத் தள்ளுபடி செய்வதில்லை. 1924லேயே ஸ்பெயின் மருத்துவர் மரனியோன் பலருக்கு அட்ரினலின் ஊசி போட்டு என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார். பெரும்பாலோர் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்று உடம்பைத்தான் சொன்னார்கள். மற்றவர்களிலும் பலர் "பயந்த மாதிரி இருக்கிறது" என்றார்கள், பயப்படுகிறேன் என்று சொல்லவில்லை. உணர்ச்சிக்கு ஒரு காரணமும் சூழலும் வேண்டும், மூலக்கூறு மட்டும் போதாது.

மாதவிலக்குக்கு முன் மனம் மிக மோசமாகப் பாதிக்கப்படுகிற பெண்கள் உண்டு. அது நிஜம், சிகிச்சை தேவைப்படுகிற நிஜம். அவர்களைச் சோதித்தபோது ஹார்மோன் அளவு மற்றவர்களுக்கு இருப்பது போலவேதான் இருந்தது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு அவர்கள் மூளை கொடுக்கிற பதில்தான் வேறு. மறுபடியும் பெல் இல்லை, கேட்கிற காது. இதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவனைத் தாராளமாகப் பேசச் சொல்லுங்கள்.

"அப்போ ஹார்மோனுக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லையா?" இருக்கிறது. அதனால்தான் இவ்வளவும். என் சித்தி இரண்டு வருஷம் சோம்பேறிப் பட்டம் வாங்கினார். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, உடம்பு ஊதியது, எல்லாரும் போர்வை உதறிய பிறகும் அவருக்குக் குளிர், எதிலும் பிடிப்பில்லை. "நல்லதை நினை, நாலு பேரோட சிரி, எல்லாம் சரியாகும்" என்று அந்த நாலு கட்டப் படத்தையே அவருக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு டாக்டர் டிஎஸ்ஹெச் பார்க்கச் சொன்னார். எகிறியிருந்தது. தைராய்டு தூங்குகிறது, பிட்யூட்டரி அதைக் கத்திக் கத்தி எழுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலையில் காபிக்கு முன்னால் ஒரு தைராக்சின் மாத்திரை. சில மாதங்களில் பழைய சித்தி.

அப்புறம்தான் "ஹார்மோன் சமநிலைப் பொடி" வந்தது, சொந்தக்காரர் ஒருவர் மூலமாக. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி. முதல் வாரம் நன்றாக இருந்தார், இரண்டாவது வாரமும். "பார்த்தியா, மாத்திரையே தேவையில்லை" என்று ஊரெல்லாம் சொன்னார்கள். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் போல ஆகும் என்பது பொடி விற்றவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. பழைய மாத்திரை ஓட்டிய வண்டிக்குப் பொடி பெயர் வாங்கிக்கொண்டது. இரண்டு மாதத்தில் சித்தி மறுபடி போர்வைக்குள்.

தைராய்டு என்பதால் இரண்டு மாதம் கிடைத்தது. இதே பொடிக்காரர்கள் சர்க்கரைக்கும் பொடி தருகிறார்கள், வாங்குகிற வீட்டில் இருப்பது முதல் வகை நீரிழிவுக் குழந்தையா என்று கேட்பதில்லை. அந்தக் குழந்தையின் கணையத்தில் இன்சுலின் செய்யும் செல்களே அழிந்துவிட்டன, எதைச் சமன் செய்வார்கள்? இன்சுலின் ரத்தத்தில் நிற்பது நிமிஷக் கணக்கு. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தம் அமிலமாகி, வாந்தி, மூச்சு வாங்கல், மயக்கம். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும் வரை இந்த நோய் வந்த குழந்தைகளுக்குப் பட்டினி போட்டு நாளைக் கடத்துவதுதான் வைத்தியம். ஊசி போட்ட அவன் இன்னும் 13 வருஷம் இருந்தான்.

சித்தி மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார். ஆறு வாரம் கழித்து அடுத்த டிஎஸ்ஹெச், நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். பொடி டப்பாவில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எங்கேயும் எழுதவில்லை, பில்லும் இல்லை.